யூத சகோதரருக்கு மெசியாவைக் காட்டுவது எப்படி?



பெரிய வெள்ளிக்கிழமையன்று திருப்பாடுகளின் வரலாறு வாசித்து முடிந்ததும், குருவானவர் பத்து மன்றாட்டுகளைச் செய்கிறார். அவற்றுள் ஒன்று யூத ஜனங்களுக்காக. அதைப் பலர் கவனியாமலே கேட்டுவிடுகிறோம். ஆனால் அந்தச் சிறிய மன்றாட்டுக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு.

பல நூற்றாண்டுகளாக விசுவாசிகள் மற்ற மன்றாட்டுகளுக்கு முழந்தாட்படியிட்டார்கள். யூதருக்கான மன்றாட்டின்போது மட்டும் எழுந்தே நின்றார்கள். 12-ம் பத்திநாதர் 1955-ல் பெரிய வாரச் சடங்குகளைச் சீர்திருத்தியபோதுதான், இதற்கும் முழந்தாட்படியிடும்படி ஏற்பாடாயிற்று. அம்மன்றாட்டில் யூதரைக் குறித்து இருந்த ஒரு கடுஞ்சொல்லை 23-ம் அருளப்பர் 1959-ல் நீக்கினார். 1970-ல் வந்த புதிய பூசைப் புத்தகத்தின்படி, சர்வேசுரன் முதன்முதல் தம் வார்த்தையை அருளிய ஜனம் அவருடைய நாமத்தின் நேசத்திலும் உடன்படிக்கையின் பிரமாணிக்கத்திலும் வளரவேண்டுமென்று கேட்கிறோம். யூதருக்காக முழங்காலை மடக்கக் கிறிஸ்தவர்களுக்கு இத்தனை காலம் பிடித்தது!

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழலாம். "சேசுநாதரே வாக்களிக்கப்பட்ட மெசியா என்று விசுவசிக்கிறோமே, அதை யூதருக்குச் சொல்லவேண்டாமா? அவர்கள் கையிலேயே வேதாகமம் இருக்கிறதே, அதைத் திறந்து காட்டினால் போதாதா?" நியாயமான கேள்விதான். பதிலை நமது ஆண்டவரிடமே கற்றுக்கொள்வோம்.

உயிர்த்த ஞாயிறன்று எம்மாவுஸ் ஊருக்குப் போன சீஷர் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் மோயீசனையும் தீர்க்கதரிசிகளையும் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்த யூதர்கள். சேசுநாதர் எடுத்தவுடன் பிரசங்கம் செய்யவில்லை. கூட நடந்தார், என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று விசாரித்தார், அவர்களுடைய ஏமாற்றத்தையெல்லாம் கொட்டித்தீர்க்க விட்டார். அதன் பிறகே வேதவாக்கியங்களை விளக்கினார். அப்போதும் அவர்கள் கண் திறந்தது எப்போது? ஒரே பந்தியில் அமர்ந்து அவர் அப்பத்தைப் பிட்டபோது!

அப்போஸ்தலர் நடபடியில் பிலிப்பு என்பவரைப் பாருங்கள். ஜெருசலேமில் தொழுதுவிட்டு, இரதத்தில் இசையாஸ் ஆகமத்தை வாசித்துக்கொண்டே திரும்பிய எத்தியோப்பிய அதிகாரியைச் சந்திக்கிறார். வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். அந்த மனிதர் ஏறி உட்காரும்படி அழைத்த பிறகே ஏறுகிறார். அடிக்கப்படக் கொண்டுபோகும் ஆட்டைப்போல் வாய்திறவாதவரைப் பற்றித் தீர்க்கதரிசி சொல்வது தம்மைக் குறித்தா, வேறொருவரைக் குறித்தா என்று அதிகாரி வினவ, அந்த இடத்திலிருந்தே தொடங்கிச் சேசுநாதரை அறிவிக்கிறார். அர்ச். சின்னப்பரும் தெசலோனிக்கே நகரில் மூன்று ஓய்வுநாட்களில் செபக்கூடத்துக்குப் போய், தம் இனத்தாரோடு வேதாகமத்தைக் கொண்டே சம்பாஷித்தார். பிலிப்பும் சின்னப்பரும் யூதர். ஒரே வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தகப்பனுடைய கடிதத்தைக் கூடி வாசித்ததுபோல் வாசித்தார்கள்.

பிற்காலத்தில் என்ன நடந்தது? 1263-ல் பார்சலோனா நகரில், அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் ஒரு தர்க்கம் நடந்தது. ஒருபுறம், யூதமதத்திலிருந்து மனந்திரும்பிய சாமிநாதர் சபைத் துறவி பவுல் கிறிஸ்தியானி. மறுபுறம், நாக்மானிதெஸ் என்னும் பேர்பெற்ற யூத ரபி. அந்த ரபி ஒரு நியாயத்தை எடுத்துவைத்தார். மெசியாவின் நாளில் ஜனங்கள் வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிப்பார்கள் என்று இசையாஸ் சொன்னாரே; சேசுவின் காலம் தொடங்கி இன்றுவரை உலகம் வன்முறையால் நிறைந்திருக்கிறதே என்றார். தர்க்கம் முடிந்த பிறகு நடந்ததென்ன? யூதர் துறவிகளின் பிரசங்கத்தைக் கேட்டாகவேண்டும் என்று அரச கட்டளை பிறந்தது. ரபி தாய்நாட்டை விட்டுப் போக நேரிட்டது. 1267-ல் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார். உரோமாபுரியிலும் 16-ம் நூற்றாண்டு முதல் யூதர்களைக் கட்டாயமாக வரவழைத்துப் பிரசங்கம் செய்தார்கள். அந்த வழக்கம் 1847-ல்தான், 9-ம் பத்திநாதர் காலத்தில் ஒழிந்தது.

பிரியமானவர்களே, வாசித்தது அதே வேதாகமம்தான். எம்மாவுஸ் வழியில் இருதயங்களைப் பற்றியெரியச் செய்த வார்த்தை, கட்டாயத்தோடு சொல்லப்பட்டபோது இருதயங்களை அடைத்துவிட்டது.

அந்த ரபியின் கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை. மெசியா தாழ்மையோடு ஒருமுறை வந்தார், மகிமையோடு மறுபடியும் வருவார் என்பது நம் விசுவாசம். சமாதானத்தின் நிறைவை யூதர் காத்திருப்பதுபோல் நாமும் காத்திருக்கிறோம். ஆனால் அவர் வந்துவிட்டார் என்பதற்கு, அவரைப் பின்பற்றுகிறவர்கள் நடுவிலாவது வாள் கலப்பையாக மாறியிருக்கவேண்டாமா? கடந்த நூற்றாண்டில், ஞானஸ்நானம் பெற்றவர்கள் நிறைந்த ஐரோப்பாவிலே ஏறக்குறைய 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டார்கள். பாடுபடும் ஊழியரைப் பற்றிய இசையாஸ் ஆகமத்தின் 53-ம் அதிகாரத்தில் நாம் சேசுநாதரைக் காண்கிறோம். யூத வேதபண்டிதர் பலர், 11-ம் நூற்றாண்டு ராஷி முதலாக, அதில் வதைபடும் தங்கள் ஜனத்தையே காண்கிறார்கள். அவர்கள் ஏன் அப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்க நமக்கு முதலில் காது வேண்டும்.

எடித் ஸ்டைன் என்னும் அர்ச்சியசிஷ்டவளின் சரித்திரம் இதை நன்றாய்க் காட்டுகிறது. 1891-ல் ஒரு பக்தியுள்ள யூதக் குடும்பத்தில் பிறந்தவள். தத்துவ சாஸ்திரம் கற்று, 1922-ல் ஞானஸ்நானம் பெற்றாள். 1933-ல் கார்மேல் மடத்தில் சேரப் புறப்படுமுன், வீட்டிலிருந்த கடைசி நாளில், தன் தாயோடு செபக்கூடத்துக்குப் போனாள். சேசு நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் ஏன் தம்மைக் கடவுளாக்கிக்கொண்டார் என்பதே அந்தத் தாயின் வேதனை. மகள் வசனங்களை அடுக்கித் தாயை மடக்கப் பார்க்கவில்லை. மடத்திலிருந்து வாரந்தோறும் கடிதம் எழுதினாள். தன் ஜனத்துக்காகத் தன்னையே ஒப்புக்கொடுத்தாள். 1942-ம் வருஷம் ஆகஸ்ட் 9-ந் தேதி ஆஷ்விட்ஸ் முகாமில், தன் சகோதரி ரோசாவோடு, யூதப் பெண்ணாகவும் கிறிஸ்துவின் மணவாளியாகவும் மரித்தாள். 1998-ல் திருச்சபை அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தது.

இப்போது திருச்சபை நமக்குக் கற்பிப்பது தெளிவானது. சேசுநாதரின் மரணத்துக்கு அக்காலத்து யூதர் அனைவர்மேலோ இக்காலத்து யூதர்மேலோ பழிசுமத்தலாகாது என்று 1965-ல் வத்திக்கான் பொதுச்சங்கம் அறிவித்தது. 2015-ல் உரோமையிலிருந்து வெளியான ஏடு, யூதரை மனந்திருப்புவதற்கென்று தனிப்பட்ட வேதபோதக ஸ்தாபனம் எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதில்லை, ஆதரிப்பதுமில்லை என்கிறது. அதே ஏடு, கிறிஸ்தவர்கள் யூதர் முன்னிலையிலும் தங்கள் விசுவாசத்துக்குத் தாழ்மையோடும் மிகுந்த கவனத்தோடும் சாட்சி பகரவேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. அர்ச். சின்னப்பர் சொன்னபடி நாம் காட்டொலிவக் கிளைகள். நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்டவர்கள். ஒட்டுக்கிளை வேரைப் பார்த்துப் பெருமை பேசலாமா?

"எங்கள் தெருவில் யூதர் எவருமில்லையே, சுவாமி" என்பீர்கள். உண்மைதான். ஆயினும் உங்கள் வீட்டில் செய்யவேண்டிய காரியம் உண்டு.

முதலாவது, பிள்ளைகள் காதுபட யூதர் என்ற பெயரை வசையாகச் சொல்லாதேயுங்கள். அது தேவமாதாவின் இனப்பெயர். நமது ஆண்டவரின் இனப்பெயர். பாஸ்கு நாடகம் பார்த்து வீடு திரும்பும்போது, "ஆண்டவரை யார் கொன்றது?" என்று குழந்தை கேட்டால், "நம்முடைய பாவம்" என்று சொல்லுங்கள். திரிதெந்தீன் பொதுச்சங்கத்தின் ஞானோபதேசமே 1566-ல் இவ்வாறு போதித்தது.

இரண்டாவது, இராச் செபத்துக்குப் பின் ஒரு சங்கீதத்தையோ இசையாஸ் ஆகமத்தில் ஒரு பகுதியையோ குடும்பமாக வாசியுங்கள். மெசியாவைப் பற்றி ஒருவன் நம்மிடம் கேட்டால் பதில் சொல்ல, அந்த ஆகமங்களை முதலில் நாம் அறிந்திருக்கவேண்டும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் கடினம். அண்ணன் தம்பி பேசாதிருக்கும் வீடுகள் நம் பங்கில் உண்டு. வரப்புத் தகராறில் ஆண்டுக்கணக்காய் மாதாகோவிலில் எதிரெதிரே உட்காருகிறவர்கள் உண்டு. நம் இடையில் வாள் வாளாகவே இருக்கும்வரை, மெசியா வந்துவிட்டார் என்று எந்த முகத்தோடு சொல்வோம்? இந்தப் பெரிய வெள்ளிக்கிழமைக்குமுன் ஒரு வீட்டுக் கதவையாவது போய்த் தட்டுங்கள். பிறகு வந்து, அந்த மூத்த ஜனத்துக்காக நம்மோடு முழந்தாட்படியிடுங்கள்.

அபிரகாமின் சர்வேசுரன் அவர்களையும் நம்மையும் தம் சமாதானத்தில் ஒன்று சேர்ப்பாராக. ஆமென்.