உயிர்த்தெழுதலும் உடலும்: கிறித்தவ மறுமைக் கோட்பாட்டின் அற அடிப்படை

முன்னுரை

இறப்பிற்குப் பின் மாந்தர் நிலை யாது என்னும் வினாவிற்குக் கிறித்தவம் தரும் விடை, உயிர் அழிவற்றது என்பதே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும் அச்சமயத்தின் தொடக்ககால நம்பிக்கை அறிக்கைகள், உயிரின் அழியாமையைக் காட்டிலும் இறந்தோர் உடலோடு எழுப்பப்படுதலையே முதன்மைப்படுத்துகின்றன. உயிர் நிலைபெறுவதே போதுமாயின், மண்ணோடு மண்ணாகும் உடல் மீண்டும் எழ வேண்டிய தேவை என்ன? இவ்வினா அடிப்படையில் அறவியல் சார்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இருவேறு இறப்புகள்

கி.மு. 399இல் சாக்ரடீஸ் நஞ்சுண்டு இறந்த நாளைப் பிளேட்டோ 'பைடோ' என்னும் உரையாடலில் விவரிக்கிறார். அங்கு உடல் உயிருக்குச் சிறையாகிறது, இறப்பு விடுதலையாகிறது. ஆதலின் சாக்ரடீஸ் கலக்கமின்றி இறப்பை ஏற்கிறார். நற்செய்தி நூல்கள் காட்டும் இயேசுவோ கெத்செமனியில் துயருற்று வேண்டுகிறார். ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் இவ்விரு இறப்புகளையும் ஒப்பிட்டு, உயிரின் அழியாமையும் இறந்தோரின் உயிர்த்தெழுதலும் வெவ்வேறு நம்பிக்கைகள் என வாதிட்டார். அவர் காட்டிய எல்லைக்கோடு சற்று மிகையானதே. கிரேக்க மொழியில் அமைந்த யூத நூலான 'சாலமோனின் ஞானம்' உயிரின் அழியாமையைப் பேசுகிறது. பிற்காலத் திருச்சபையும் இரு கருத்துகளையும் இணைத்தே கற்பித்தது. ஆயினும் இறப்பை நண்பனாகக் காண்பதற்கும் பகையாகக் காண்பதற்கும் இடையிலான வேறுபாடு மறுக்கத்தக்கதன்று.

சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் 'உயிர்த்தெழுதல்', 'உயிர்ப்பு' என்னும் இரு சொற்களும் பயில்கின்றன. இரண்டும் 'உயிர்' என்பதனை அடியாகக் கொண்டமையால், நிகழ்வு உயிருக்கு உரியது என்னும் எண்ணம் எழக்கூடும். மூலமாகிய 'அனஸ்தாசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லோ எழுந்து நிற்றலைக் குறிப்பது. கிடந்த உடலே எழுந்து நிற்க இயலும். தமிழிலக்கண மரபில் உயிர் தனித்து ஒலிக்கும். மெய் உயிரின்றி இயங்காது. பிளேட்டோவின் கருத்திற்கு இம்மரபு பொருந்தும் உவமையாகும். தாமஸ் அக்வினாஸ் (1225–1274) இதிலிருந்து வேறுபடுகிறார். உடலைப் பிரிந்த உயிர் நிலைபெறினும் அது முழு மனிதர் ஆகாது என்பது அவர் கொள்கை. இலக்கணச் சொல்லால் கூறின், உயிர்மெய்யே மனிதர்.

வதைக்கப்பட்ட உடல்

யூத மரபில் இந்நம்பிக்கை தெளிவான வடிவம் பெற்ற சூழல் கருதத்தக்கது. நான்காம் அந்தியோக்கு (கி.மு. 175–164) யூதச் சமயத்தை ஒடுக்கிய காலத்தோடு தானியேல் நூலின் இறுதிப் பகுதி தொடர்புடையது. அவ்வொடுக்குமுறையைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் இயலில் சகோதரர் எழுவர் தாயின் கண்முன் வதைத்துக் கொல்லப்படுகின்றனர். அவருள் மூன்றாமவர் வெட்டப்படவிருக்கும் தம் கைகளை நீட்டி, இறைவனிடமிருந்து அவற்றை மீண்டும் பெறும் நம்பிக்கையை வெளியிடுகிறார். கொடியோன் பறித்தது கைகளை. ஆதலின் நீதி வழங்கப்படின் மீள வேண்டியவையும் அக்கைகளே. உயிர் மட்டும் பிழைத்தது என்னும் ஆறுதல் அவ்விழப்பை ஈடுசெய்யாது.

கி.பி. 177இல் லியோன் நகரக் கிறித்தவர்களைக் கொன்றோர், அவர்தம் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தனர். உயிர்த்தெழும் நம்பிக்கையை முறியடிப்பதே அதன் நோக்கம் என யூசேபியஸ் பாதுகாத்த மடல் கூறுகிறது. சாம்பலும் எஞ்சாத உடல் எங்ஙனம் எழும் என்னும் ஐயம் இங்கு எழுகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் விதையையும் பயிரையும் உவமையாக்கி, தொடர்ச்சியும் மாற்றமும் ஒருங்கே அமையும் என்கிறது. அழிந்த பொருளைத் திரட்டும் வழிமுறை அங்குக் கூறப்படவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் எரியூட்டலுக்கு இசைவளித்தமையும் எச்சங்களைக் காத்தலில் இந்நம்பிக்கை தங்கியிருக்கவில்லை என்பதைக் காட்டும்.

எதிர்வாதம்

இறந்தோர் மீட்கப்படுவர் எனின், இன்றைய கொடுமையைத் தடுக்கும் முனைப்புக் குன்றாதா? இவ்வெதிர்வாதம் வலிமை வாய்ந்தது. மறுமையைக் காட்டி இம்மைத் துயரைப் பொறுக்குமாறு ஏழையர்க்குப் போதித்த வரலாறும் உண்டு. மாக்ஸ் ஹொர்க்கைமர் 1937இல் வால்ட்டர் பெஞ்சமினுக்கு எழுதிய மடலில், கடந்தகால அநீதி முடிந்துபோனது. கொல்லப்பட்டோர் மெய்யாகவே கொல்லப்பட்டோர் என வாதிட்டார். கடந்த காலம் முடிவுறவில்லை எனின், இறுதித் தீர்ப்பை நம்ப வேண்டிவரும் என்பது அவர் கருத்து. நினைவுகூர்தல் முடிந்த துன்பத்தையும் முடிவுறாததாக்கும் எனப் பெஞ்சமின் கருதினார்.

இவ்விவாதத்தால் ஓர் உண்மை புலனாகிறது. வருந்தலைமுறையின் நல்வாழ்வு, கொலையுண்ட ஒருவரின் இழப்பிற்கு விலையாகாது. உயிர்த்தெழுதல் நம்பிக்கை அவ்விலைபேசலை ஏற்க மறுக்கிறது. யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசுவின் உடலில் காயத்தழும்புகள் எஞ்சி நிற்பதும் இங்குப் பொருள்படுகிறது. மீட்பு என்பது நிகழ்ந்ததை மறைத்தலாகாது.

முடிவுரை

வெட்டுண்ட கை மீளவேண்டும் என நம்புவோர், கை வெட்டப்படுவதை வாளாவிருந்து காணின், தம் நம்பிக்கையையே மறுப்பவராவர். உயிர்த்தெழுதலை விரித்துரைக்கும் பவுலின் பதினைந்தாம் இயல், உழைப்பு வீணாகாது என்னும் ஊக்கவுரையோடு முடிகிறது. அடுத்த இயல் எருசலேம் மக்களுக்கான நிதி திரட்டலைப் பற்றித் தொடங்குகிறது. மறுமை குறித்த நம்பிக்கை, பசித்த உடலைப் பேணும் கடமையாக அங்கு வடிவெடுக்கிறது. அந்நம்பிக்கையை ஏற்போரும் ஏலாதோரும் அதனை அளந்தறிதற்கு உரிய உரைகல் இக்கடமையே எனலாம்.