ஸ்பார்ட்டகஸ்: பேருக்கு அர்த்தம் வச்சது யாரு?

அடிமையை வாங்குகிறவன் அவன் பேரையும் சேர்த்தே பிடுங்கிக்கொள்கிறான். ஏதென்ஸ்காரர்கள் அடிமைப் பெண்ணைத் 'திராத்தா' என்று கூப்பிட்டார்கள். 'திரேசியக்காரி' என்று அர்த்தம், அவ்வளவுதான். ரோமில் 'திரேசியன்' என்பது அரங்கில் இறக்கிவிட்ட ஒருவகைச் சண்டைக்காரனுக்குப் பேரானது.

ஸ்பார்ட்டகஸோ திரேசியப் பேரோடேயே வரலாற்றில் நிற்கிறான். அதன் வேர்ச்சொல் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. அதே பேரின் இன்னொரு வடிவத்தைத் தாங்கிய வம்சம் கருங்கடல் கரையில் கி.மு. 438 தொடங்கி 300 வருசத்துக்கு மேல் ஆண்டது. அந்த ராசாக்களை இன்னைக்கு யாருக்குத் தெரியும்?

கி.மு. 73இல் கப்புவாவிலிருந்து 70 சொச்சம் பேரோடு தப்பிய அடிமையைத்தான் தெரியும். கி.மு. 71இல் தோற்றபின் 6000 பேரைச் சாலையோரம் சிலுவையில் அறைந்தார்கள். 1916இல் ரோசா லக்சம்பர்க்கின் தோழர்கள் எடுத்துக்கொண்டது அவன் பேரைத்தான். அகராதியில் தேடுறவங்க தேடட்டும். அர்த்தம் வச்சது அடிமைதான்.