திருப்பிய முகத்தை மீண்டும் திருப்புவோம்!



எங்கள் ஆண்டிமடம் பக்கம் எங்கு பார்த்தாலும் முந்திரிக்காடுதான். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஒருவகை எண்ணெய் உண்டு. கையில் பட்டால் தோல் புண்ணாகிவிடும். கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வது அதனால்தான். ஓட்டுக்குப் பயந்து கொட்டையை எறிந்துவிட்டால் உள்ளிருக்கும் பருப்பு யாருக்குக் கிடைக்கும்? முந்திரியில் இதை அறிந்த நாம் மனிதர்களிடத்தில் மட்டும் ஓட்டோடு நின்றுவிடுகிறோம்.

இத்தவற்றை நானும் செய்தேன். ஒருநாள் மக்ரிபுத் தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். தோள்வரை முடி, கையில் ஒரு நோட்டு. "ஹஜ்ரத், நாயகத்தைப் பற்றிப் பாட்டு எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்தித் தர வேண்டும்" என்றார். நான் நோட்டைக் கையில் வாங்கவேயில்லை. "முதலில் முடியை வெட்டிக்கொண்டு வா, பிறகு பாட்டைப் பார்க்கலாம்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன்பின் ஜும்ஆவிலும் அவரைக் காணவில்லை.

சில வாரங்கள் கழித்துச் சிறுவர்களுக்கு 'அபஸ' சூராவை ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். திருமறையின் 80ஆவது அத்தியாயம் அது. குறைஷித் தலைவர்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கல்வி தேடி வந்தார்கள். பேச்சு தடைபட்டதால் நாயகத்தின் திருமுகம் சற்றே சுளித்தது. வந்தவருக்கு அது தெரியவும் தெரியாது. ஆயினும் அல்லாஹுத்தஆலா வஹீ இறக்கி உணர்த்தினான். அதன்பின் அந்த ஸஹாபிக்குக் கிடைத்த கண்ணியத்தைப் பாருங்கள்! மதீனாவில் பாங்கு சொல்லும் பேறு பெற்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பும் அவர்களிடம் விடப்பட்டது. ஓதிக்கொடுத்த என் நாக்கு அன்று தடுமாறியது. அந்த இளைஞருக்கோ கண் இருந்தது. என் முகத்தை அவர் பார்த்தாரே!

நம் தமிழகத்திலும் இதற்கொரு வரலாறு சொல்லப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில், நாயகத்தின் வாழ்வைத் தமிழில் பாட விரும்பிய உமறுப் புலவர், அரபு மூலங்களிலிருந்து விளக்கம் கேட்டுக் கீழக்கரை ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் போனார். புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர். எட்டயபுரம் அரண்மனையில் இருந்தவர். அவருடைய கோலத்தைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் மறுத்துவிட்டார்களாம். பின்னர் கனவின் வழியே உண்மை உணர்ந்து மனமுவந்து உதவச் செய்தார்களாம். வள்ளல் சீதக்காதியும், அவருக்குப்பின் அபுல்காசிம் மரைக்காயரும் ஆதரிக்க, 5,027 பாடல்களோடு சீறாப்புராணம் நம் கைக்கு வந்தது. திரும்பிய முகம் திரும்பியபடியே இருந்திருந்தால்?

கவிதை எல்லாம் ஆகாது என்பாரும் உண்டு. 'ஷுஅரா' சூராவின் இறுதியில் வழிதவறிய கவிஞர்களைக் கண்டித்த அல்லாஹ், ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து அவனை அதிகம் நினைப்பவர்களை விலக்கியே சொல்கிறான். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் நின்று கவி பாடப் பள்ளிவாசலிலேயே மிம்பர் வைக்கப்பட்டது என்பது ஹதீது.

அன்று மாலையே இளைஞரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா, "நோட்டை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டான் ஹஜ்ரத்" என்றார்கள். பள்ளியில் பலர்முன் சிரிக்கவைத்தவன், தெருவில் பலர் பார்க்க மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் நின்றார். முடி அப்படியேதான் இருந்தது. "பாட்டு எங்கே தம்பி?" என்றேன். "இன்னும் வரவில்லை ஹஜ்ரத்" என்றார். காத்திருக்கிறேன்.

பெரியோர்களே! உங்கள் வீட்டிலும், தெருவிலும் உங்கள் முகச்சுளிப்பால் விலகிப்போனவர் ஒருவர் இருப்பார். அவர் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள், நீங்களே போங்கள். எரிந்துபோன நோட்டு திரும்பாது, மனிதர் திரும்புவார்.

வல்ல நாயன் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.