பிடிமண்

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் பிறந்தவனுக்கு மாசி மகம் என்றால் குளமங்கலம்தான். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 33 அடி உயரத்தில் நிற்கும் குதிரை, அதன் கழுத்திலிருந்து சரம்சரமாகத் தொங்கும் காகிதப்பூ மாலைகள், வேனிலும் லாரியிலும் மாலையோடு வந்து இறங்கும் ஊர்க்காரர்கள். ஒரு வருஷம் மட்டும் அதை விட்டுவிட்டு, அதே பௌர்ணமிக்கு மாமல்லபுரம் போனேன். இருளர் பழங்குடி மக்கள் கடலோரத்தில் கன்னியம்மனைக் கும்பிடுவதைப் பார்க்க.

முதல் நாள் சாயங்காலமே கடற்கரை ஊராகிவிட்டிருந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல திசையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். நாலு கம்பு நட்டுப் பழைய புடவையைச் சுற்றினால் வீடு. மூன்று கல் வைத்தால் அடுப்பு. நிலா ஏற ஏற, எங்கோ ஒரு பக்கம் சாமி வந்து ஆடுகிற சத்தம், இன்னொரு பக்கம் பெண் பார்க்கிற பேச்சு. கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம். பிள்ளைகள் கெஞ்சியதால் வருஷத்தில் இந்த ஒரு நாள் கரைக்கு வருகிறாளாம். கோபித்துக்கொண்டு போன தாயைப் பார்க்கப் பிள்ளைகள் கூடுகிற வீடு மாதிரிதான் இருந்தது அந்தக் கரை.

விடியுமுன் எழுந்து அலையோரம் போனார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஈர மணலை இரண்டு கையாலும் இழுத்துக் குவித்தார். உள்ளங்கையால் தட்டி ஏழு படி எடுத்தார். ஒவ்வொரு படியின் விளிம்பையும் சுண்டுவிரல் பக்கத்தால் சீவிவிட்டார். தோசைக்கல்லில் மாவு வார்க்கிற கை போல, யோசனையே இல்லாத கை. மேலே வேப்பிலை செருகி, மஞ்சள் குங்குமம் வைத்து, படிக்கொரு வெற்றிலை, பொரி, பழம், கடைசியாகக் கற்பூரம். பேத்தி பக்கத்தில் இன்னொரு குட்டிக் கோயில் கட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு ஐந்து படிதான் வந்தது. கொஞ்ச தூரத்தில் மஞ்சள் கயிறு கட்டி ஒரு கல்யாணம் முடிந்தது. ஐயர் இல்லை, சமூகத்துப் பெரியவர்தான் எல்லாம்.

சூரியன் முழுசாக மேலே வருவதற்குள் ஓர் அலை வந்து மூன்று படியைக் கொண்டுபோனது. மனசு கேட்காமல், “கோயில் போச்சே பாட்டி” என்றேன்.

“போவட்டும் சார். அவ ஊட்டுக்குத்தான போறா?”

வடக்கே கொஞ்ச தூரமோ தெற்கே கொஞ்ச தூரமோ, அந்தக் கரையில் எங்கே நின்றாலும் கடற்கரைக் கோயில் கண்ணில் படும். ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கல், சுமார் 1,300 வருஷம். 1984-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அலை தின்னாமலிருக்கக் கருங்கல் தடுப்பு, உப்புக்காற்றை மறிக்கச் சவுக்குத் தோப்பு. கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழைப் பூசுகிறார்கள். (எங்கள் குதிரைக்குக் காகித மாலை, இந்தக் கோயிலுக்குக் காகிதக் கூழ்!) அத்தனை காபந்தும் வேண்டியதுதான், அதைச் செதுக்கிய கை இனி வராது. ஆனால் அங்கே இப்போது நித்திய பூஜை கிடையாது. டிக்கெட் உண்டு.

அப்போதுதான் ஊர் அய்யனார் கோயில்களின் புரவி எடுப்பு ஞாபகம் வந்தது. மண்குதிரை செய்கிற வேளாரிடம் ஊர் சார்பில் ஒரு பிடி மண் கொடுப்பார்கள். பிடிமண் கொடுப்பது என்று அதற்குப் பெயர். அந்த மண்ணும் சேர்ந்து குதிரையாகும், சூளையில் வேகும், கண் திறந்து தோளேறிக் கோயிலுக்கு வரும். அடுத்த புரவி வரும்போது முந்தியதை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. காது போய், கால் போய், வயிற்றுக்குள் செடி முளைத்து அதுவாக மண்ணாகும். சின்ன வயசில் அந்த உடைந்த குதிரைகளைப் பார்த்து, இவ்வளவு அசட்டையா என்று நினைத்திருக்கிறேன். அந்தப் பாட்டியின் கையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கோயிலை வைத்திருப்பது வேறு, கோயில் கட்டத் தெரிந்திருப்பது வேறு. வைத்திருப்பவர்களுக்குத்தான் இடிந்துவிடுமோ என்ற பயம். கட்டத் தெரிந்தவர்களுக்கு அலை ஒரு பொருட்டில்லை. கோயில் அவர்கள் விரலில் இருக்கிறது, அது பேத்தியின் விரலுக்கு ஐந்து படி அளவுக்கு இறங்கியும் விட்டது.

இப்படி நினைத்துப் பூரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பூரிப்பில் ஒரு சொகுசு இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து நடக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் விஷத்தையும் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்க அந்த விஷம் வேண்டும். பாம்புக்குத் திரும்பிப் போக ஒரு புற்று இருக்கிறது. பிடித்தவர்களின் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அதற்கப்புறமும் மீட்புச் செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. வீட்டுமனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இன்னும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சாமி வீடு கரைந்து போவது அவர்கள் விருப்பம். குடியிருக்கும் வீடு கரைந்து போவதை யாரும் விரும்பிக் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே வியப்பில் போட்டுக் குழப்பிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

வெயில் ஏறியதும் கூட்டம் கலையத் தொடங்கியது. பாட்டி அலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்புகளைப் பிடுங்கி ஒன்றாகக் கட்டினார். ராத்திரி முழுக்கச் சுவராக இருந்த புடவையை அவிழ்த்து, ஒரு முனையைப் பேத்தியிடம் கொடுத்து, இரண்டு பேருமாக உதறினார்கள். மணல் கொட்டியது. நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.