சுத்தபோசனமும் சுத்தமான கையும்



இங்கிலீஷ் படிக்கும் உங்கள் பிள்ளைகள் "கோஷர்" என்றொரு சொல்லைக் கேட்டிருக்கலாம். ஒரு கொடுக்கல் வாங்கலில் கள்ளம் இருப்பதாகத் தோன்றினால், அது கோஷர் அல்ல என்று இங்கிலீஷ்காரர் சொல்லுவார்கள். ஆனால் இச்சொல் வளர்ந்த இடம் கடைவீதியல்ல, யூதருடைய அடுக்களை. எபிரேய பாஷையில் அதற்குத் தகுந்தது, ஏற்றது என்று பொருள்.

எதைப் புசிக்கலாம், எதைப் புசிக்கலாகாது என்று மோயீசன் வழியாகச் சர்வேசுரன் யூதருக்குக் கொடுத்த கட்டளை லேவியராகமம் 11-ம் அதிகாரத்தில் இருக்கிறது. விரிகுளம்பு உடையதாய் அசைபோடும் ஆடுமாடு ஆகும், பன்றி ஆகாது. நீரில் வாழ்வனவற்றில் சிறகும் செதிளும் உள்ளவை மட்டும் ஆகும். நம் பாம்பன் கரையில் ஒரு வலையை யூதர் முன்னே கொட்டினால், சாளையையும் பாறையையும் விளைமீனையும் எடுத்துக்கொள்வார். சுறா, திருக்கை, கெளுத்தி, நண்டு, கணவாய் யாவற்றையும் ஒதுக்கிவிடுவார். எவ்வளவு விலை போனாலும் சிங்கி இறால் அவருக்கு ஆகாது. ஆட்டையும் முறைப்படி அறுத்து, இறைச்சியை ஊறவைத்து, உப்பிட்டு, இரத்தம் நீங்க அலசிய பின்பே சமைப்பார். மாமிசத்தோடு பாலைச் சேர்க்கமாட்டார். இரண்டுக்கும் பாத்திரங்களே வேறு. கொச்சியில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த யூதர், மாமிசக் கறிக்குத் தேங்காய்ப்பாலை ஊற்றிச் சமைத்தார்கள். அது மிருகத்தின் பாலல்லவே!

இதைக் கேட்டு நகைக்கலாகாது. நம் ஆண்டவரும் தேவமாதாவும் இந்தக் கட்டளையின்படி வாழ்ந்த ஜனத்தில் பிறந்தவர்கள். நம் அயலாரான கீழக்கரை முஸ்லிம்கள் ஹலால் பார்த்து உண்கிறார்கள். இராமேசுவரத்துக்குத் தீர்த்தமாட வருவோரில் பலர் மச்சமாமிசம் தொடுவதில்லை. நாமும் விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளிக்கிழமையிலும் சுத்தபோசனம் காக்கிறோம். பசித்தவன் வாயில் கவளத்தை இடுமுன் ஒரு கணம் நின்று, "இது சர்வேசுரனுக்கு ஏற்குமா?" என்று கேட்கப் பழகுவது சிறிய காரியமன்று.

ஆனால் அந்தக் கேள்வி அடுக்களையோடு நின்றுவிடலாமா? அதே லேவியராகமம் 19-ம் அதிகாரத்தைப் பாருங்கள். நிறையிலும் அளவிலும் வஞ்சனை கூடாது, தராசு நேராயிருக்க வேண்டும் என்று அங்கே கட்டளையிடப்படுகிறது. சட்டிக்குச் சட்டம் தந்தவரே தராசுக்கும் சட்டம் தந்தார். ஆகையால் அடுக்களைச் சொல் கடைவீதிக்குப் போனது அதிசயமல்ல. நாமும் "கை சுத்தமானவன்" என்கிறோம் அன்றோ?

வாய்க்குள் போவது மனிதனை அசுத்தப்படுத்தாது; இருதயத்திலிருந்து புறப்படும் களவும் வஞ்சகமும் பொறாமையுமே அசுத்தப்படுத்தும் என்று சேசுநாதர் போதித்தார். அர்ச். இராயப்பரும் யோப்பாவில், கடலோரத்து வீட்டில் தங்கியிருந்தபோது கண்ட காட்சியால், எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என அறிந்து, புறவினத்தானாகிய கொர்னேலியுவின் வீட்டுக்குள் நுழைந்தார்.

நம் மறவநாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. போர்த்துக்கல் அரண்மனையில் வளர்ந்த அர்ச். அருளானந்தர், இங்கு பண்டாரசுவாமியாக மாமிசத்தையும் மதுவையும் விட்டார். தமது போசனம் ஜனங்களுக்கு இடறலாகாது என்பதே அவர் எண்ணம். ஆனால் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரே மனைவியோடு வாழவேண்டும் என்பதில் அணுவளவும் தளரவில்லை. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவினள், அவள் முறையிட்டாள். அதன் முடிவாக 1693 பெப்ருவரி 4-ம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது. சோற்றில் பிறருக்காக வளைந்தார். தர்மத்தில் எவருக்காகவும் வளையவில்லை.

நாமோ பலமுறை இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். பெரிய வெள்ளியன்று இறைச்சி வாசனையைக் கண்டாலே விலகுகிறோம். மறுநாள் ஏலத்தில் கூறு வைக்கும்போது நல்ல மீனை மேலே பரப்பி, பதம் கெட்டதை அடியில் மறைக்கிறோம். தபசுகாலத்தில் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைக்கிறோம். கூட வலை இழுத்தவனுடைய பங்கில் கை வைக்கிறோம். சுத்தபோசனம் காத்த வாயாலேயே, இன்னார் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டோம் என்கிறோம். அந்த வாய் சுத்தமானதா?

தாய்மாரே, தந்தைமாரே! வருகிற சனிக்கிழமை கணக்குத் தீர்க்கும்போது, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். கூலிக்காரனுக்கு உரியதை முழுதும் எண்ணிக் கொடுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும். சுத்தமான கை எடுத்துவைக்கும் கஞ்சியே ஆண்டவருக்கு ஏற்ற போசனம். அந்தப் போசனம் உங்கள் வீடுகளில் என்றும் குறையாதிருப்பதாக. ஆமென்.