சாரணர் சின்னம்: பரிசா, பொறுப்பா?

நம் வணிகப் பெருமக்களில் பலருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடச் சாரணர் படையில் சேர்ந்திருக்கிறார்கள். கழுத்தில் துணியும் சட்டைக்கையில் சின்னங்களுமாக வீடு திரும்பும் மகனைப் பார்த்துத் தகப்பனார், "இத்தனை சின்னம் வாங்கினாயே, இதனால் என்ன லாபம்?" என்று கேட்கிறார். லாபம் கேட்பது வணிகனுக்கு இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். லாபம் யாருக்கு? சின்னத்தை அணிந்தவனுக்கா, அதை நம்பி அவனிடம் வருகிற அந்நியனுக்கா? இந்த மறுபாதியையும் கேட்டுப் பார்த்தால், அச்சிறு துணித்துண்டுக்குள் பெரியதோர் அறக்கேள்வி அடங்கியிருப்பது விளங்கும்.

முதலில் இந்த ஏற்பாடு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்ப்போம். ஆங்கிலத் தளபதி பேடன் பவல் 1907இல் பிரௌன்சீ என்னும் தீவில் சிறுவர் முகாம் ஒன்றை நடத்தினார். மறு ஆண்டு சாரணர் கல்வி பற்றிய தம் நூலை வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1910இல், பிராங்க் கூப்பர் சாண்ட்ஸ் என்பவரின் முயற்சியால் அவ்வியக்கம் சிங்கப்பூரில் வேரூன்றியது.

தொடக்கத்தில் வகுக்கப்பட்ட படிகள் மூன்று: புதிய சாரணன், இரண்டாம் வகுப்புச் சாரணன், முதல் வகுப்புச் சாரணன். இவற்றோடு சமையல், நீச்சல், முதலுதவி, மொழிபெயர்ப்பு என்று தனித்தனித் திறமைச் சின்னங்களும் இருந்தன. 1909இல் இவற்றுக்கெல்லாம் மேலாக மன்னர் சாரணர் என்னும் பட்டம் வந்தது. 1952இல் எலிசபெத் அரசியார் அரியணை ஏறியதும் அது அரசியார் சாரணர் ஆயிற்று. சிங்கப்பூர் குடியரசான பின்னர் அவ்விடத்தை அதிபர் சாரணர் விருது பெற்றது. அதற்குரிய சான்றிதழ் இஸ்தானாவில் வழங்கப்படுகிறது. இங்கே குருளைச் சாரணருக்கு அகேலா விருதும், சாரணருக்குத் தலைமை ஆணையர் விருதும், மூத்த சாரணருக்கு அதிபர் விருதும் உச்சப் படிகளாகும்.

தாயகத்தில் பெயர்கள் வேறு, முறை ஒன்றே. 1950இல் உருவான பாரத சாரணர் சாரணியர் அமைப்பில் பிரதம சோபான், த்விதீய சோபான், திரிதீய சோபான் என்று மூன்று படிகள் உள்ளன. சோபான் என்றாலே படிக்கட்டு என்றுதான் பொருள். அதற்கு மேல் மாநில விருதும், அனைத்துக்கும் மேலாக ராஷ்டிரபதி விருதும் உண்டு. அமெரிக்காவில் கணக்கு இன்னும் கறாரானது. நட்சத்திரப் படிக்கு 6 திறமைச் சின்னங்கள், அடுத்த படிக்கு 11, உச்சமான கழுகுச் சாரணர் பட்டத்துக்கு 21 என்று வரையறுத்திருக்கிறார்கள்.

இவ்வேற்பாட்டில் ஒரு சிறப்பைக் கவனிக்க வேண்டும். பள்ளித் தேர்வில் ஒருவன் முதலாவதாக வந்தால் மற்றவர்கள் பின்னால்தான் நிற்க வேண்டும். சாரணர் படியில் அப்படியில்லை. பத்துப் பிள்ளைகளும் முடிச்சுப் போடக் கற்றால் பத்துப் பேருக்கும் சின்னம் உண்டு. அண்டை வீட்டுப் பிள்ளையைத் தள்ளிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும் என்ற கட்டாயமில்லை. படித்ததை ஒப்புவித்தால் மட்டும் போதாது. செய்து காட்ட வேண்டும். கூடாரம் அடித்தல் என்றால் கூடாரம் நிற்க வேண்டும். சமையல் என்றால் சோறு வேக வேண்டும். அதைப் பார்த்து ஒப்புதல் தருவதற்குத் தகுதியான பெரியவர் ஒருவர் இருப்பார்.

இனிதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தப் பெரியவர் எதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்? பையனின் முயற்சியையா, அவன் அடைந்த திறமையையா?

பேடன் பவல் இதற்கு விடை கூறியிருக்கிறார். சாரணர் தலைவர்களுக்காக அவர் எழுதிய நூலில், சின்னம் வழங்குகையில் எட்டிய தரத்தைவிடப் பிள்ளை எடுத்துக்கொண்ட முயற்சியின் அளவையே பெரிதாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. இதில் பெரும் கருணை இருக்கிறது. இயற்கையாகவே கை வந்த பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் வருவது, தடுமாறும் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகலாம். கால் ஊனமுற்ற பிள்ளை ஒரு மைல் நடப்பது, திடகாத்திரமான பிள்ளை பத்து மைல் நடப்பதற்குச் சமமாகலாம். தரத்தை மட்டும் பார்த்தால் வல்லவனுக்கே எல்லாச் சின்னமும் போய்விடும். பின்தங்கியவன் முதல் மாதமே மனமுடைந்து விலகிவிடுவான்.

ஆனால் இதே விதியை நீர் மீட்புச் சின்னத்துக்கு வைத்துப் பார்ப்போம். காலாங் ஆற்றில் ஒருவர் தவறி விழுந்துவிட்டார். கரையில் மீட்புச் சின்னம் அணிந்த பையன் நிற்கிறான். கூடியிருப்போர் சின்னத்தைப் பார்த்து, "தம்பி, இறங்கப்பா!" என்கிறார்கள். அவன் மூன்று மாதம் மிகவும் முயன்றவன்; எனினும் இன்னும் ஒழுங்காக நீந்தத் தெரியாதவன் என்றால் கதி என்ன? ஒருவர் போக வேண்டிய இடத்தில் இரண்டு உயிர் போகும். அங்கே முயற்சியைச் சொல்லி யாருக்கும் ஆறுதல் கூற முடியாது.

ஆகவே சின்னம் எல்லாம் ஒரே இனம் என்று கருதுவதில்தான் குழப்பம் விளைகிறது. சில சின்னங்கள் அணிந்த பிள்ளையைப் பார்த்துப் பேசுகின்றன. "நீ நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை, இன்னும் ஏறு" என்று அவனுக்குச் சொல்கின்றன. அங்கே முயற்சியே அளவுகோலாக இருக்கலாம். வேறு சில சின்னங்கள் பிறரைப் பார்த்துப் பேசுகின்றன. "உங்களுக்கு ஆபத்தென்றால் இவனை அழைக்கலாம்" என்று அறிமுகமில்லாதவருக்கு உறுதி கூறுகின்றன. அங்கே திறமையைத் தவிர வேறு அளவுகோல் செல்லாது. பழைய மன்னர் சாரணர் பட்டத்துக்கு முதலுதவி, மீட்பு, வழிகாட்டுதல், மொழிபெயர்ப்பு போன்ற பொதுச்சேவைச் சின்னங்களை வேண்டியதன் கருத்து இதுவே. உச்சப் பட்டம் பெற்றவன் ஊருக்கு உதவக்கூடியவனாக இருந்தே ஆக வேண்டும்.

வணிகர்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. தேக்காவில் காய்கறி நிறுக்கும் தராசைப் பாருங்கள். வணிகத்துக்குப் பயன்படும் தராசு சரிபார்க்கப்பட்டு அதற்கான முத்திரைத்தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். அந்தத் தாள் தராசுக்கு வழங்கிய மாலையா? இல்லை. வாங்க வருகிற பெண்மணிக்கு, "இதை நம்பலாம்" என்று சொல்லும் சாட்சி. அந்தச் சாட்சி பொய்யானால் நஷ்டப்படுபவர் கடைக்காரரல்லர், அந்தப் பெண்மணியே. ஒருமுறை சரிபார்த்ததோடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. உரிய காலத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். முதலுதவிச் சான்றிதழும் அவ்வாறே சில ஆண்டுகளில் காலாவதியாகிறது. பயிற்சி மறந்த கைக்குப் பழைய சான்றிதழால் பயனில்லை.

சின்னத்தை வாங்கிக்கொண்டவன் ஒரு கடனை ஏற்றுக்கொண்டவன் என்றே கொள்ள வேண்டும். நம் வழக்கில் சொன்னால் அஃது ஓர் அமானிதம். கடனைத் திருப்பிக் கேட்கும் நாள் எந்நாள் என்று அவனுக்குத் தெரியாது. அமெரிக்காவில் முதன்முதல் கழுகுச் சாரணர் ஆன ஆர்தர் எல்ட்ரெட் என்னும் இளைஞர் 1912இல் அப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் நீரில் மூழ்கவிருந்த ஒரு சாரணனை மீட்க உதவியதற்காக அவருக்குப் பதக்கமும் கிடைத்தது. கற்ற நீச்சல் உரிய வேளையில் கணக்குத் தீர்த்தது.

இனி ஓர் ஆட்சேபம். "சின்னம் கிடைக்கும் என்பதற்காக நற்செயல் செய்தால் நிய்யத்து கெட்டுப்போகாதா? அது நற்செயல் ஆகுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். இக்காலத்தில் அதற்கு அழுத்தமும் கூடியிருக்கிறது. 2014இல் அறிமுகமான லீப்ஸ் 2.0 என்னும் முறையில் உயர்நிலைப் பள்ளி மாணவரின் இணைப்பாட நடவடிக்கைகள் தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவை என்ற நான்கு துறைகளில் மதிப்பிடப்படுகின்றன. மிகச் சிறந்த தேர்ச்சி பெற்றவருக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் 2 புள்ளிகள் வரை சலுகை கிட்டும். ஆகவே சேவை செய்வதற்கும் விலை வந்துவிட்டது என்று சொல்பவர்களைக் குறை கூற முடியாது.

ஆயினும் தொடக்க நோக்கத்தை வைத்தே முடிவைத் தீர்ப்பது அவசரமாகும். ஓதப் போக அழும் சிறு பிள்ளைக்கு முதலில் மிட்டாய் கொடுத்துத்தானே அனுப்புகிறோம்? மிட்டாய்க்காகப் போன பிள்ளை பின்னர் ஓதலுக்காகவே போகிறது. வாடிக்கையாளர் திரும்பி வர வேண்டுமே என்று சரியாக நிறுக்கத் தொடங்கிய கடைக்காரர், நாளடைவில், இனி ஒருபோதும் இந்தப் பக்கம் வராத சுற்றுலாப் பயணிக்கும் சரியாகவே நிறுக்கிறார். லாபத்துக்காகப் பழகியது குணமாக மாறிவிட்டது. சாரணப் பையனுக்கும் இதே சோதனைதான். பார்ப்பதற்குத் தேர்வாளர் இல்லை. கையெழுத்துப் போடப் புத்தகமில்லை. சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு முதியவர் மயங்கி விழுகிறார். அப்போது அவன் நின்றால் சின்னம் தன் வேலையைச் செய்துவிட்டது. கடந்து போனால், 2 புள்ளிகளுக்கு மேல் அவன் எதையும் சம்பாதிக்கவில்லை.

சின்னத்தைத் தகாதவனுக்குத் தருவது மட்டுமே பிழை என்று எண்ணிவிடக் கூடாது. தகுந்தவனுக்கு மறுப்பதும் அதற்கீடான பிழையாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியச் சிறுவர்கள் பேடன் பவலின் சாரணர் படையில் சேர்த்துக்கொள்ளப்படாத காலம் ஒன்று இருந்தது. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு, 1916-17 காலத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அச்சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. இணைவதற்கு முன்பும் பின்பும் அப்பிள்ளைகள் போட்ட முடிச்சு ஒரே முடிச்சுத்தான். திறமை அவர்களிடம் முன்பே இருந்தது. அதை ஒப்புக்கொள்ளும் மனம்தான் ஆட்சியாளரிடம் இல்லை. வாங்கும்போது ஒரு படிக்கல், விற்கும்போது ஒரு படிக்கல் வைத்திருப்பவரை நம் கடைத்தெரு எப்படி மதிக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அமெரிக்கச் சாரணரிடையே இதற்கொரு கட்டுப்பாடு உண்டு. ஒரு சின்னத்துக்கு எழுதி வைத்த நிபந்தனைக்கு மேல் ஒன்றைக் கூட்டவும் கூடாது. அதில் ஒன்றைக் குறைக்கவும் கூடாது. வேண்டாத பையனுக்குக் கூட்டிக் கேட்பதும் வேண்டிய பையனுக்குக் குறைத்துக் கேட்பதும் இதனால் ஒருங்கே தடுக்கப்படுகின்றன.

குறைத்துக் கேட்கச் சொல்வது பெரும்பாலும் யார்? வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: பெற்றோராகிய நாமே. "நீச்சல் ஒன்றுதான் பாக்கி. பையனுக்குப் பரீட்சை வருகிறது. கொஞ்சம் பார்த்துப் போட்டுவிடுங்களேன்" என்று சாரணர் தலைவரிடம் தயவாகப் பேசுகிறோம். அவரும் முகத்துக்காகக் கையெழுத்திட்டுவிட்டால், அன்று அந்தப் பையன் கற்றது நீச்சலன்று. கையெழுத்தை வாங்கிவிட முடியும் என்பதைக் கற்றான். நாளைக்கு நம் கடைப் பேரேட்டின் முன் அவனை உட்கார வைக்கப்போகிறவர்களும் நாமே. சரக்கு வராமலே வந்ததாக வரவு வைக்க அவன் கூசுவானென்று எதை வைத்து நம்புவது?

ஆதலின் நம் வணிகர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மகனிடம் "எத்தனை சின்னம்?" என்று கேட்பதை விடுத்து, "அந்தக் கட்டை எப்படிப் போடுவது? என் கையில் போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். போடத் தெரியாவிட்டால் ஏசாமல், மறுபடியும் பழகச் சொல்லுங்கள். வேலை கேட்டு வரும் இளைஞன் சான்றிதழ்களை நீட்டினால், அவற்றை மதியுங்கள். மதித்தபின் செய்து காட்டவும் சொல்லுங்கள். மொழி, கணக்கு, சமையல், சரக்குக் கட்டுதல் ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அருகிலுள்ள சாரணர் படைக்கு அவற்றைக் கற்றுக்கொடுக்க முன்வாருங்கள். தேர்வாளர் நாற்காலியில் அமரும் நாள் வந்தால், கடைத் தராசின் முன் நிற்கிற அதே மனத்தோடு அமருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேறாத பிள்ளைக்கு "இன்னும் இல்லை" என்று அன்போடு சொல்லப் பழக வேண்டும். அச்சொல் அவனுக்கு ஒரு மாத வருத்தம் தரலாம். அது சொல்லப்படாமல் போனால், அதன் விலையை அவனை நம்பி நீரில் கைநீட்டிய யாரோ ஒருவர் கொடுக்க நேரிடும். அந்த யாரோ ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.