குழாய்வழி ஊட்டமும் உயிர்க்கடனும்

வாயால் உண்ணமாட்டாத நோயாளர்க்கு மூக்கின்வழியே இரைப்பையுட் குழாய் செலுத்தி நீராளமான உணவு ஊட்டுதலும், குடல் தொழிற்படாவிடத்துச் சர்க்கரை, கொழுப்பு, புரதக்கூறு முதலியவற்றைக் குருதிநாளத்திற் செலுத்துதலும் இக்காலத்து மருத்துவமனைகளிற் பெருவழக்காயின. நாளவழி ஊட்டம் ஒன்றானே குழவி வளர்தல் கூடுமென்பதை அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்து டட்ரிக் முதலிய மருத்துவர் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வான் நிறுவினர். இவ்வூட்டத்தை இடுதலும் நிறுத்துதலும் சைவநெறிக்கு ஒக்குமாறு எங்ஙனமென்பதை ஈண்டு ஆராய்வாம்.

பிராரத்தம் உள்ளதுணையும் உடம்பு நிற்கும். அது கழிந்தவழி நில்லாது. ஆகலிற் குழாயிடுதல் வீண்செயலென்பர் ஒருசாரார். அற்றன்று. வினை பயன்றருவது கருவிகளைப் பற்றியேயாம். வாயால் உண்ணுஞ் சோறு அதற்குக் கருவியாயவாறே மருத்துவன் அறிவும் குழாயும் கருவியாம். வினை இத்துணைத்தென அளந்தறிவான் இறைவனே. நம்மனோர்க்கு அவ்வெல்லை புலப்படாது. ஆகலின், அறுவைச் சிகிச்சையானும் பக்கவாதத்தானும் உண்ணமாட்டாராய்த் தேறும் நிலையில் உள்ளார்க்கு ஊட்டாதொழிதல், ஊழின்மேற் பழியிட்டுத் தம் கடனை நழுவவிடுதலேயாம்.

இனி, நினைவிழந்தார் உயிரற்ற பொருளோடு ஒப்பராகலின் அவர்க்கு ஊட்டுதல் பயனின்றென்பார் கூற்றும் பொருந்தாது. சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் ஐந்தவத்தைகளை உணர்த்துகின்றது. கருவிகள் ஒடுங்கியவழியும் உயிர் உடம்பினுள் உளதென்பது நமக்கு உடன்பாடு. அறிவு விளங்காமை உயிரின்மை யன்று.

அங்ஙனமாயின் எஞ்ஞான்றும் ஊட்டியே தீரவேண்டுமோ எனின், வேண்டா. மறதிநோய் மிக முதிர்ந்தார்க்குக் குழாய் வாழ்நாளை நீட்டுமென்றாதல், உணவு நுரையீரலுட் புகுதலைத் தடுக்குமென்றாதல் துணியப்படவில்லை. அதனைப் பிடுங்காவண்ணம் அவர் கைகளைக் கட்டுதலும் ஆங்காங்கு நிகழும். அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகத்தார் 2014-இல் அந்நிலைக்குக் குழாயை விலக்கிக் கையாற் பைய ஊட்டுதலையே பரிந்துரைத்தனர். ஆண்டும் குழாயை வற்புறுத்துவது யாதோவெனின், பிரிவு பொறாத நம் பற்றேயாம். பற்றுப் பாசத்தின்பாற்படும்; அன்பாகாது. செலவிற்கஞ்சியும் சொத்தினை நோக்கியும் நிறுத்துதலோ அதனினுங் கொடிய பற்று. ஆகவே, இடுதலையும் நிறுத்துதலையும் வினைமேல் வைத்து ஆராயாது, செய்வான் கருத்தின்மேல் வைத்து ஆராய்தலே முறை. நோயாளர்பொருட்டு நிறுத்துவது கொலையன்று. நம்பொருட்டு நிறுத்துவது பாவமே.

மீளா நோயினர்க்கு உயிர்நீட்டுஞ் சிகிச்சையை வரம்புக்குட்பட்டு நிறுத்தலாமென்றும், அவர் முன்னரே எழுதிவைத்த விருப்பம் செல்லுமென்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. மடங்களில் முதுமையுற்ற அடிகளாரிடத்து அவர் அறிவு தெளிந்திருக்கும்போதே இதனை வினவி எழுதுவித்துக்கொள்ளல் மாணாக்கர்க்குக் கடனாம். ஊட்டம் நிற்பினும் தொண்டு நிற்றலாகாது. நீரான் நாவை நனைத்தலும், வலி தணித்தலும், திருநீறு சாத்துதலும், செவியில் திருவைந்தெழுத்து ஓதுதலும் இறுதிமூச்சளவும் செய்யற்பாலன.